லெக் பை

லாண்டிரிக்காரர் நேற்று போன் செய்தார்.
"சார் ஞாயித்துக்கெழமைக்கு வேணும்னாரே,
கோட்டு ரெடியாயி ஒரு மாசம் ஆவுது."
மேட்ச் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.
அப்புறம் வெட்கமாகி
ஓட்டேரி வரை நடந்தே போனேன்.

தணிகாசலம், அம்பயர் என்று
சீட்டில் எழுதியிருந்தது.
முப்பத்தோரு வருஷம் மெட்ரோ வாட்டரில்
மீட்டர் கணக்கு பார்த்தாய்.
அந்த வேலையை நீயாக
எந்தச் சீட்டிலும் எழுதிக்கொண்டதில்லை.
நாலாம் டிவிஷன் லீக்,
ஒரு நாளைக்கு நூற்றைம்பது ரூபாயும்
எலுமிச்சை சாதப் பொட்டலமும்.
என் கல்யாணத்துக்கு நாள் பார்க்கும்போது
பஞ்சாங்கத்துக்கு முன்னால்
மேட்ச் அட்டவணையைத்தான் புரட்டினாய்.

கோட்டோடு ஒரு காகித மடிப்பைத் தந்தார்.
உள்ளே ஆறு புளியங்கொட்டை.
தேய்ந்து, உன் விரல் எண்ணெய் ஏறி
மாட்டுக்கண் போல மினுமினுத்தன.
ஒவ்வொரு பந்துக்கும் ஒன்று
இடது பையிலிருந்து வலது பைக்குப் போகும்.
எந்தப் பையில் எத்தனை இருந்தது என்று கேட்டேன்.
"அத்த யாரும்மா பாத்தா" என்றார்.
சரிதான்.
அந்த ஓவரில் எத்தனை பந்து மிச்சம் என்பது
இனி யாருக்கும் தெரியாது.

காரியத்தன்று எத்திராஜ் வந்திருந்தார்.
வழுக்கை, சர்க்கரை, நடையில் ஒரு சாய்வு.
"தொண்ணூத்தெட்டுல இருந்தேன்மா,
எல்.பி. குடுத்துட்டார். அவுட்டே இல்ல"
என்று உன் போட்டோவைப் பார்த்து அழுதார்.
இருபத்தாறு வருஷத்துக் கோபத்தை
மாலையோடு சேர்த்துப் போட்டார்.
"அவுட்டுதான்" என்றாள் அம்மா
காபி டம்ளரை நீட்டியபடி.
பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டித்தான் போயிருக்கும் என்று
அன்றிரவு மொட்டைமாடியில்
கொசுவத்திச் சுருளுக்கும் எனக்கும் மட்டும்
நீ சொன்னதை நான் சொல்லவில்லை.
அதற்கப்புறம் ஒரு வாரம்
சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்ததையும்.

பதினொரு வயதில் என்னை
ஸ்கோர் எழுத உட்காரவைத்தாய்.
தூங்குமூஞ்சி மரத்தடி, ஆடுகிற மடக்கு மேசை,
சிவப்புக்கும் நீலத்துக்கும் தனித்தனிப் பேனா.
நீ அங்கிருந்து சைகை காட்டுவாய்.
பார்த்தேன் என்று நான் கை தூக்கும்வரை
அடுத்த பந்தை விடமாட்டாய்.
தெருவில் என்னைத் திரும்பியும் பார்க்காத
வளர்ந்த ஆம்பளைகள் பதிமூன்று பேர்
வியாசர்பாடி வெயிலில் இடுப்பில் கை வைத்து
என் கைக்காகக் காத்திருந்தார்கள்.
ஒருமுறை வேண்டுமென்றே தாமதித்தேன்.
உனக்குத் தெரியும்.
நீ அசையாமல் நின்றாய்.

கே.எம்.சி.யில், வாய் கோணி
பேச்சு போன நாலாம் நாள்,
ஒரு முட்டியை மடக்கித் தூக்கி
தட்டினாய். தட்டினாய்.
வலி என்று நர்ஸ் களிம்பு தடவினாள்.
கொசு என்று தம்பி விசிறினான்.
அம்மா திருநீறு பூசினாள்.
எங்கள் தலைகளைத் தாண்டி எங்கோ பார்த்து
கொஞ்சம் எரிச்சலோடு
நீ தட்டிக்கொண்டே இருந்தாய்.
ஏழு சீசன் உனக்கு எழுதியவள்,
எனக்கு ஏன் அவ்வளவு நேரம் ஆனது?

லெக் பை.
யார் பேரிலும் ஏறாத ஓட்டம்.
"ஆனா கூட்டும்போது விட்டுடாத" என்பாய்.

கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்
கையைத் தூக்கினேன்.
உன் கை இறங்கியது.
யாரைம்மா கூப்பிடுற என்று
பக்கத்துக் கட்டில்காரர் கேட்டார்.

இப்போது கோட்டு ஆணியில் தொங்குகிறது.
கஞ்சி போட்டிருக்கிறார்கள், விறைப்பாக,
உன்னைவிட நிமிர்ந்து நிற்கிறது.
இரண்டு பையிலும் மூன்று மூன்றாகப்
புளியங்கொட்டைகளைப் போட்டுப் பார்த்தேன்.
அப்புறம் எடுத்துவிட்டேன்.
பார்க்காத பந்தை
எழுதக் கூடாது.